பதவிக்கேற்ற வடிகட்டி

எங்கள் சாலைப் பராமரிப்புத் துறையில் யார் பெரியவர், யார் சிறியவர் என்பதில் என்றுமே குழப்பம் இருந்ததில்லை. மேஜையின் நீளம், நாற்காலி முதுகின் உயரம், குப்பைக்கூடைக்கு மூடி உண்டா இல்லையா என்பது வரை விதிகள் தெளிவாக இருந்தன. புதிதாக வேலைக்கு வருகிறவர் கண்ணை மூடிக்கொண்டு குப்பைக்கூடையைத் தடவிப் பார்த்தே, யாருக்கு எழுந்து நிற்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம். விதிகளின் கை படாமல் இருந்த ஒரே இடம் காரின் அடிவயிறு. வினை அங்கேதான் பிறந்தது.

எங்கள் பணிமனைக்கு ஒரே ஒரு மெக்கானிக். எல்லோருக்கும் அவர் மெக்கானிக் அண்ணன். துணை இயக்குநரின் காருக்கு ஆயில் மாற்றிய அன்று, வழக்கமான மூன்று அங்குல ஆயில் ஃபில்டர் இருப்பில் இல்லை. அதே வாய், அதே புரி உள்ள நான்கு அங்குலம் ஒன்று இருந்தது. அதைப் போட்டு அனுப்பிவிட்டார். துணை இயக்குநரின் ஓட்டுநர், இயக்குநரின் ஓட்டுநரிடம், "எங்க வண்டிக்கு உங்களைவிட ஒரு இஞ்சு கூட" என்றார். சொன்னவர் பெருமைக்குச் சொன்னார். கேட்டவர் மானப்பிரச்சினையாக எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை இயக்குநர் என்னை அழைத்தார். பணியாளர் விவகாரங்களைக் கவனிக்கும் பிரிவு அலுவலர் நான்.

"என் வண்டியில எவ்வளவு?"

"எது சார்?"

"ஃபில்டர்."

"மூணு இஞ்சு சார்."

"அவருக்கு?"

"நாலு."

"நான் இதையெல்லாம் பெரிசா எடுத்துக்கிறவன் இல்லை. ஆனா துறைன்னு ஒண்ணு இருக்கு. அந்த மெக்கானிக்கைப் படகுத்துறைக் கிளைக்கு மாத்திடுங்க."

படகுத்துறைக் கிளை தண்ணீருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அங்கே துறைக்குச் சொந்தமாக இரண்டு படகுகள். இரண்டும் துடுப்பில் ஓடுபவை.

பணிமனைக்குப் போனேன். ஒரு ஜீப்புக்கு அடியிலிருந்து இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன.

"அண்ணே, ஃபில்டர் அளவு முக்கியமா, முக்கியம் இல்லையா?"

"யாருக்கு சார்? எஞ்சினுக்கா, ஆபீசுக்கா?" என்றன பாதங்கள்.

"முதல்ல எஞ்சினுக்குச் சொல்லுங்க."

வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார். "புரி பொருந்தணும். ரப்பர் வளையம் படிஞ்சு உட்காரணும். உள்ள இருக்கிற வால்வு, அந்த எஞ்சின் கேக்கிற அழுத்தத்துல திறக்கணும். இதெல்லாம் சரியா இருந்தா, ஒரு இஞ்சு நீளம் கூடினதால கொஞ்சம் ஆயில் கூடப் பிடிக்கும். அவ்வளவுதான். கீழ இடிக்காம இருந்தாச் சரி."

"இதை அப்படியே எழுத முடியாதே அண்ணே."

"ஏன் சார்?"

"இதுல எங்கயும் பதவி வரலையே."

மாற்றல் விஷயத்தைச் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. வீட்டில் மாமனார் இரண்டு வருடமாகப் படுக்கையில் கிடந்தார். மனைவிக்கு முதுகுவலி. காலையிலும் மாலையிலும் அந்த மனிதரைப் புரட்டிப்போட இவர் கைகளைத் தவிர வேறு கைகள் இல்லை. "துடுப்புக்கு எதுக்கு சார் மெக்கானிக்?" என்று மட்டும் கேட்டார்.

அவரைக் காப்பாற்றியே தீருவது என்று முடிவு செய்தேன். கெட்டிக்காரத்தனம் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டால் அப்புறம் அது சொன்ன பேச்சு கேட்பதில்லை. இப்படிக் குறிப்பு எழுதினேன்: 'மசகெண்ணெய் வடிகட்டியின் நீளம் குறித்துத் துறையில் விதி ஏதும் இல்லாத நிலையில், அன்னாரது செயலை விதிமீறலாகக் கருத இயலாது. எதிர்காலத்தில் இத்தகைய மனவருத்தங்களைத் தவிர்க்கும் பொருட்டு, பதவிவாரி வடிகட்டி அளவுப் பட்டியல் ஒன்றை வெளியிடலாம்.'

இயக்குநர் இரண்டு முறை படித்தார். "நல்ல யோசனை" என்றார். மாற்றல் ரத்தானது. இயக்குநருக்கு ஐந்து அங்குலம், துணை இயக்குநருக்கு நான்கு, பிரிவு அலுவலருக்கு மூன்று என்று பட்டியல் வெளியானது.

சிக்கல் ஒன்றே ஒன்றுதான். பிரிவு அலுவலர்களுக்குத் துறையில் கார் கிடையாது. ஆனால் பட்டியலில் அளவு இருந்தது. 'வாகனம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக வடிகட்டி மறுக்கப்படுவது பாரபட்சமாகும்' என்று ஊழியர் சங்கம் மனுக் கொடுத்தது. நியாயம்தானே. ஆளுக்கொரு புது ஃபில்டர் வந்தது. மேஜைமேல் காகிதம் பறக்காமல் இருக்க வைத்துக்கொண்டோம். கண்காணிப்பாளர்களுக்கு மோட்டார் சைக்கிளுக்குப் போடும் சின்ன ஃபில்டர். எழுத்தர்களுக்கு ஃபில்டரின் புகைப்படம், சட்டமிட்டு.

மனுவோடு வந்த பொதுமக்கள் அதன்பிறகு பெயர்ப்பலகையைப் படிக்கவில்லை. மேஜைமேல் இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் குனிந்தார்கள், எவ்வளவு குனிவது என்பதையும் அதிலேயே தெரிந்துகொண்டார்கள். பிறகு ஊரில் கார் வைத்திருப்பவர்கள் எல்லாரும் பெரிய ஃபில்டர் கேட்க ஆரம்பித்தார்கள். உதிரிபாகக் கடைக்காரர் சின்ன அளவுகளை வாங்கி வைப்பதையே நிறுத்திவிட்டார். "இப்ப யாரு சார் மூணு கேக்குறாங்க? எங்க வீட்டுக்காரியே சிரிக்கிறா" என்றார்.

இந்தச் சமயத்தில் குடிநீர்த் துறை இயக்குநர் ஆறு அங்குலத்துக்குப் போய்விட்டார். எங்கள் இயக்குநருக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள், ஏழு அங்குலத்தில் ஒரு லாரி ஃபில்டரைத் தருவித்து, அதைக் காருக்குப் பொருத்தக் கடைசல் பட்டறையில் தனியாக ஓர் இணைப்பு வளையமும் செய்ய உத்தரவிட்டார்.

மெக்கானிக் அண்ணன் ஃபில்டர் வந்த அட்டைப்பெட்டியில் ஒரு துண்டு கிழித்து, அதில் ஒரு வரி எழுதி என்னிடம் கொடுத்தார். 'ஏழு போட்டால் வாசல் மேட்டில் இடிக்கும்.'

வாசல் மேடு என்பது எங்கள் அலுவலகத்துக்கு முன்னால் எங்கள் துறையே கட்டிய வேகத்தடை. இயக்குநர் அலுவலகத்தின் வாசல் என்பதால் மற்ற இடங்களைவிட இரண்டு அங்குலம் உயரம். அட்டைத்துண்டோ உள்ளங்கை அளவுதான் இருந்தது. கோப்பில் வைக்கும் தாளுக்கென்று ஓர் அளவு உண்டு. ஆகவே நான் அதை மேலே அனுப்பவில்லை. பறந்துவிடாமல் என் ஃபில்டருக்கு அடியில் பத்திரமாக வைத்தேன்.

இடித்தது. வேகத்தடை உச்சியில் ஃபில்டர் கழன்று அங்கேயே உட்கார்ந்துகொள்ள, கார் மட்டும் முன்னே போனது. வழியெல்லாம் ஆயில் கொட்ட, சிவப்பு விளக்கு எரிகிறது என்று ஓட்டுநர் சொல்லியிருக்கிறார். "நமக்கு எதுக்கய்யா சிவப்பு விளக்கு, நீ போ" என்றிருக்கிறார் இயக்குநர். மூன்றாவது தெருவில் எஞ்சின் இறுகிப்போய் நின்றது.

விசாரணைக் குழு அமைந்தது. மூன்று உறுப்பினர்கள், மூவரும் நான்கு அங்குலம். மெக்கானிக் அண்ணன்மேல் பழி விழாமலிருக்க, அந்த அட்டைத்துண்டை ஒரு முழுத்தாளில் ஒட்டி, முறைப்படி எண்ணிட்டு, நானே சாட்சியமாகக் கொடுத்தேன்.

குழுவின் அறிக்கை சுருக்கமானது. வடிகட்டி உரிய ஒப்புதலுடன் வாங்கப்பட்டது. ஆகவே அதில் பிழையில்லை. வேகத்தடையும் உரிய ஒப்புதலுடன் கட்டப்பட்டது, அதிலும் பிழையில்லை. வடிகட்டிக்குப் பொருத்தமான வாகனம் இல்லாததே காரணம் என்பதால், இயக்குநரின் பயன்பாட்டுக்குப் பத்துச் சக்கர லாரி ஒன்று வழங்கப்பட வேண்டும். அங்குசம் பெரிதாகிவிட்டது, ஆகவே பெரிய யானையாக வாங்கலாம் என்கிறார்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே கடைசிப் பத்திக்கு வந்தேன்.

'இவ்விபத்து நிகழும் என்பதை முன்கூட்டியே அறிந்திருந்த ஒரே நபர் மெக்கானிக் என்பது இணைப்பிலுள்ள அட்டைத்துண்டால் ஐயமின்றி நிரூபணமாகிறது.'

படகுத்துறை. ஒரு வாரத்தில் சேர வேண்டும்.

குற்ற உணர்ச்சியில், ஞாயிற்றுக்கிழமை காலை அவரைக் குடும்பத்தோடு படகுத்துறை வரை என் சொந்தக் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். சனிக்கிழமை அவர் காரின் முன்மூடியைத் திறந்து காதை வைத்துக் கேட்டார்.

"கடகடன்னு சத்தம் வருதே. ஃபில்டர் அடைச்சுக் கிடக்கு சார். எப்ப மாத்தினீங்க?"

"கடையில மூணு கிடைக்கலை அண்ணே."

"உங்க மேஜைமேல இருக்கே, உறைகூடப் பிரிக்காம. உங்க வண்டிக்கு அளவெடுத்த மாதிரி. கொண்டாங்க, பத்து நிமிஷ வேலை."

நான் தரையைப் பார்த்தேன். "அது பதவிக்கு உரியது அண்ணே. திங்கட்கிழமை மேஜை மொட்டையா இருந்தா நாலு பேர் நாலு விதமா நினைப்பாங்க."

அவர் மூடியை மெதுவாக இறக்கினார். "புரியுது சார். மெதுவா ஓட்டுங்க."

மெதுவாகத்தான் ஓட்டினேன். தண்ணீர் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்த இடத்தில் கார் ஒருமுறை இருமிவிட்டு நின்றது. அவர் மனைவி பின் இருக்கையில் தன் அப்பாவைத் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். மெக்கானிக் அண்ணன் முன்பக்கக் கதவைத் திறந்து ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தள்ளினார். நான் பின்னாலிருந்து தள்ளினேன். படகுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

உள்ளேயிருந்து மாமனாரின் குரல் கேட்டது.

"யாரு மாப்பிள்ளை பின்னால தள்ளுறது?"

"எங்க பிரிவு அலுவலர், மாமா."

"பெரிய ஆளா?"

மெக்கானிக் அண்ணன் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். நேர்மையான மனிதர், கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

"மூணு இஞ்சு, மாமா."