எவர்சில்வர் விசிறி

புளியும் போட்டாயிற்று, சாம்பலும் போட்டாயிற்று. பாசிக் கறை மட்டும் அசைவேனா என்றது. பொன்னுவேல் மடியில் கிடந்தது சோற்றுப் பானையல்ல. மோட்டார் படகுக்கு அடியில், தண்ணீருக்குள் சுழலும் மூன்று றெக்கை விசிறி. அதுவும் எவர்சில்வர்! வீடுகளில் பித்தளையை எவர்சில்வர் விரட்டத் தொடங்கியிருந்த காலம் அது. ஊர் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவரிடம் படகோடு சேர்த்து வாங்கியிருந்தார் பெரும்பாறை எஸ்டேட் முதலாளி இராமலிங்கம். கொடைக்கானல் ஏரிக்கரையில் அதற்குக் காவல்தான் பொன்னுவேல்.

போன வாரம் முதலாளிக்குச் சம்பந்தியாகப் போகிறவர் படகைப் பார்த்துவிட்டு, "ஒரு சுத்து போவோமே!" என்றார்.

"போகலாம்ங்க. விசிறி பூராம் பாசி புடிச்சுல்ல கெடக்கு!" என்ற முதலாளி, பொன்னுவேல் பக்கம் திரும்பி உறுமினார். "ஏலே, வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள முகம் பாக்குற மாதிரி தேச்சு மாட்டிரணும். மாட்டுனா நீதான் போட் டிரைவரு. இல்ல, மறுபடியும் மிளகு பறிக்கப் போயிரு!"

மிளகுக் கொடிக்கு ஏணி வைத்து ஏறுவதை நினைத்தாலே பொன்னுவேலுக்குப் பயம். படகு ஓட்டவோ, ஆசை ஆசையாகக் கற்று வைத்திருந்தான்.

செங்கல் பொடியைப் போட்டு அழுத்தித் தேய்த்தான். கறை போயிற்று. கூடவே பளபளப்பும் போய், பூனை பிறாண்டியது போல் கீறல் விழுந்தது.

கடைத்தெருவில் பாத்திரக் கடை இப்ராம்சாவிடம் ஓடினான். அவரிடம் மெருகுச் சக்கரம் இருந்தது.

"சனிக்கிழமை வந்து வாங்கிக்கப்பா" என்றார்.

சனிக்கிழமை படகுக்கு வர்ணம் பூசும் சோலி. வாங்கிவர மனைவி குப்பம்மாளை அனுப்பினான். அவள் கொண்டுவந்த விசிறி கண்ணைப் பறித்தது. குனிந்து முகம் பார்த்தவன், "அடிப்பாவி!" என்று அலறினான்.

முதல் றெக்கையில் 'குப்பம்மாள்'. அடுத்ததில் 'பொன்னுவேல்'. மூன்றாவதில் ஊர்ப் பெயர் 'வடகவுஞ்சி'. உளியால் அழகாகப் புள்ளி புள்ளியாகக் கொத்தியிருந்தது.

"என்னடி இது?"

"என்ன பேரு போடணும்னு பாய் கேட்டாரு, சொன்னேன். பேரு வெட்டாத எவர்சில்வரு ஊருக்குள்ள போனா வீடு திரும்புமா?"

"அது முதலாளி சாமானுடி!"

"அவரு பேரு எனக்கு எப்படிங்க தெரியும்? முதலாளி முதலாளின்னுதானே சொல்லுவீங்க."

மறுபடி செங்கல் பொடியை எடுத்தான். பொடி புள்ளிகளுக்குள் அடைந்து, எழுத்து சிவப்பாக எடுப்பாகத் தெரிந்தது. இனி ஒரே வழிதான். ஞாயிறு வெள்ளனே விசிறியைப் படகில் மாட்டித் தண்ணீருக்குள் தள்ளிவிட்டான்.

சம்பந்தியாகப் போகிறவரோடு காரிலிருந்து இறங்கிய முதலாளி, மிதக்கும் படகைப் பார்த்ததும் வெளிறிப்போனார்.

"மாட்டிட்டியா?"

"மாட்டிட்டேங்க."

"கழட்டு. சுத்தமா இருக்கான்னு நான் பாக்கணும்."

பொன்னுவேல் குறுக்கே வந்து நின்றான். "தண்ணிக்குள்ள முங்கிக் கெடக்குங்க, இப்பக் கழட்ட முடியாதுங்க!"

"கழட்டுலே!"

"அட, ஓடிப் பாத்தாத் தெரிஞ்சிரும். ஏறுங்க சம்பந்தி!" என்று முதலாளியின் கையைப் பிடித்து இழுத்தார் வந்தவர்.

மெதுவாகப் போனால் தெளிந்த தண்ணீரில் எழுத்து தெரிந்து தொலைக்கும் என்று படகை விரட்டினான் பொன்னுவேல். சம்பந்தி குஷியில் கைதட்டினார். முதலாளி பலகையை இறுகப் பிடித்தபடி, கண்ணை மூடி, "பழனியாண்டவா, பழனியாண்டவா" என்று முனகிக்கொண்டே வந்தார். கோபத்தை எப்படி அடக்குகிறார் பார், பேரைப் பார்த்துவிட்டார் என்று பொன்னுவேலுக்கு வியர்த்துக் கொட்டியது.

கரை வந்ததும் முதலாளி தள்ளாடிப் போய்க் காரில் சாய்ந்தார். பொன்னுவேல் கார் டிரைவர் மயில்சாமியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, என் பொழப்பு போச்சு. ஐயா விசிறியப் பாத்துட்டாருண்ணே!"

மயில்சாமி தலையில் அடித்துக்கொண்டார்.

"விசிறியா? அவரு எங்கய்யா கண்ணத் தொறந்தாரு! தண்ணின்னாலே அவருக்குக் கொலநடுக்கம். நீ தொட்ட சோலி எதுவும் ஞாயித்துக்கிழமைக்குள்ள முடியாதுன்னு நம்பித்தானே அத உங்கிட்டக் குடுத்தாரு!"