ஆவி இருக்கத்தான் செய்யும்

மேகத் துளிகளை எண்ணும் கருவி ஒன்றுக்கு நான் பேய் ஓட்டியிருக்கிறேன். நாற்பத்தோரு வயதில், பட்டப்பகலில், கழுத்தில் அடையாள அட்டையோடு.

பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் பம்பு கம்பெனி வேலையை விட்டுவிட்டு, அதே பேட்டையில் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் சேர்ந்திருந்த நேரம். (“மேகத்தை எண்ணச் சம்பளமா? நம்ம மொட்டைமாடியில நின்னு நான் சும்மாவே எண்ணுவேனே” என்றாள் என் மனைவி ஸ்டெல்லா.) தகுதிகாண் காலம் முடிய ஒரு வாரம்தான் பாக்கி.

கருவி விமான இறக்கைக்குக் கீழே மாட்டுவது. மாட்டுக் கொம்பு மாதிரி இரண்டு கரங்கள், நடுவே லேசர் கதிர். கதிரைக் கடக்கும் துளி மினுக்கும், கருவி எண்ணும். ஆனால் பொய்யும் சொல்லும். இரண்டு துளிகள் ஒட்டி வந்தால் ஒரே பெரிய துளி என்று சாதிக்கும். ஒன்றை எண்ணி முடிப்பதற்குள் அடுத்ததைக் கோட்டை விடும். எவ்வளவு பொய் என்று கண்டுபிடித்துத் திருத்துவதுதான் எங்கள் பிழைப்பு. அதன் முதல் படி பூஜ்யச் சோதனை: துளியே இல்லாத இடத்தில் கருவி பூஜ்யம் காட்ட வேண்டும். மறுநாள் காலை அது விமானம் ஏற வேண்டும். பூஜ்யம் வந்தது என்று நான் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம்.

சோதனை நடப்பது குளிர் அறையில். முன்பு ஏதோ மருந்துக் கம்பெனியின் கிடங்கு. சாண் தடிமனுக்குக் கதவு. மூடினால் நம் காதுக்குள் ரத்தம் ஓடுவது கேட்கும். வாட்ச்மேன் முதல் வாரமே சொல்லியிருந்தார்: “இதுல ஒருத்தர் மாட்டிக்கிட்டார் சார். காலைல கதவத் தொறந்தா...” அங்கேயே நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனவர், இன்றுவரை அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

வெளிச்சம் பட்டாலும் கருவி ஏமாறும் என்று விளக்கை அணைத்தேன். போதாதென்று கருவி மேல் கறுப்புத் துணியைப் போர்த்தி, என் தலையையும் அதற்குள் நுழைத்துக்கொண்டேன். (இந்த யோசனை முழுக்க என்னுடையது.) கருவியை ஒட்டியிருந்த பெட்டியில் மங்கலாக எண்கள் தெரிந்தன.

பூஜ்யம். பூஜ்யம். நாற்பது.

காற்றுகூட அசையாத அறையில் நாற்பது. துணியை விலக்கித் தள்ளி நின்று பார்த்தேன்: கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, பூஜ்யம். மறுபடி தலையை நுழைத்தேன்: அறுபது.

“யாரு?” என்று கேட்டேன்.

நூற்றுப்பத்து.

என் மூக்குக்கண்ணாடி மெல்ல மங்கிப்போனது. யாரோ உள்ளங்கையால் மறைப்பது போல. சுவரிலிருந்த இன்டர்காமைத் தடவிப் பிடித்து, மேல்மாடியில் இருந்த என் அதிகாரி சவிதா மேடத்தைக் கூப்பிட்டேன். கன்னடக்காரர், என்னோடு தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார்.

“மேடம், உள்ள ஆவி இருக்கு.”

“ஹௌது, ஆமா. இருக்கத்தான் செய்யும்.”

“உங்களுக்கு... தெரியுமா?”

“எல்லாருக்கும் தெரியும்ரீ. போன வருஷம் ரெண்டு பேர் ஒண்ணா உள்ள போனாங்க, இன்னும் ஜாஸ்தியாயிடுச்சு.”

“அவங்க இப்ப எங்க மேடம்?”

“கெலசா... வேலைய விட்டுட்டுப் போயிட்டாங்க.”

“அது எங்கேர்ந்து வருது?”

“இதென்ன கேள்வி? உங்க உள்ளேர்ந்துதான்! சும்னே வாய மூடிட்டு வேலையப் பாருங்க.” வைத்துவிட்டார்.

என் உள்ளேயிருந்து. ஓடிவிடலாம்தான். ஓடினால் கையெழுத்து இல்லை, வேலை இல்லை. பம்பு கம்பெனியில் என் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்தாயிற்று. துணிக்குள் புகுந்து, ஜெபமாலையை எடுத்து, சத்தமாக அருள் நிறை மந்திரம் சொல்லத் தொடங்கினேன்.

நான் சொல்லச் சொல்ல எண் ஏறியது. மூச்சு வாங்க நிறுத்தினால் தயங்கியது. மறுபடி தொடங்கினால் மறுபடி ஏறியது. ஜெபமாலையின் மணிக்கு மணி, மாதாவுக்கு எதிராக அது பதில் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தது. ஐந்நூறு. எழுநூறு.

வேலைக்குச் சேர்ந்த அன்று ஸ்டெல்லா என் லஞ்ச் பையில் தீர்த்த பாட்டில் ஒன்று வைத்திருந்தாள். உப்புப் போட்டு மந்திரித்தது. கையோடு உள்ளே கொண்டுவந்திருந்த பையிலிருந்து அதை எடுத்து, மூடியைக் கழற்றி, முழுப் பாட்டிலையும் கருவியின் நெற்றியில் ஊற்றினேன்.

எண் நாலாயிரத்தைத் தொட்டது. பிறகு பூஜ்யம்.

தலையை நுழைத்தேன்: பூஜ்யம். “யாரு?” என்றேன்: பூஜ்யம். கண்ணீரோடு கையெழுத்துப் போட்டேன்.

மேடம் வந்து விளக்கைப் போட்டார். சோதனைக்கு வைத்திருக்கும் பொடிக் கண்ணாடி மணிகளைக் கதிரில் தூவினார். அதற்கும் பூஜ்யம். நனைந்த லென்ஸை விரலால் தொட்டு, உப்பை முகர்ந்து, என்னைப் பார்த்தார்.

“ஏன்ரீ இது?”

சொன்னேன். கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வாயிலிருந்து புகை புகையாக வந்தது. “ஆவின்னா நீராவி ரீ! உங்க மூச்சு! தெவ்வான்னு நெனச்சிட்டீங்களா?”

கன்னடத்தில் ஆவி வெறும் நீராவிதான்; பேய்க்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் தெவ்வா. பிறந்ததிலிருந்து இதே ஊரில், விவேக் நகரில் இருக்கிறேன், கன்னடத்திலேயே ஆட்டோக்காரரிடம் சண்டை போடுவேன். பயம் வந்தால் மட்டும் சுத்தத் தமிழன்.

சாயங்காலம்வரை முகத்தில் கர்ச்சீப் கட்டிக்கொண்டு லென்ஸைத் துடைத்தேன். பிறகு இருவரும் கதவைச் சாத்திவிட்டு வெளியே இருந்த திரையில் பார்த்தோம். பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம்.

ஒன்று.

உள்ளே யாருமில்லை. நான் மேடத்தின் முகத்தைப் பார்த்தேன்.

“அது எப்பவும் வரும்,” என்றார். “ஏன்னு தெரியாது. ஒண்ணக் கழிச்சிட்டு எழுதுங்க.”

கழித்தேன். கருவி மறுநாள் பறந்தது. என் தகுதிகாண் காலம் மூன்று மாதம் நீண்டது. சோதனை விதிமுறைத் தாளில் ஒரு வரி கூடியது: ‘ஜெபம் அறைக்கு வெளியே.’

இப்போது எனக்குச் சளி பிடித்தால் வீட்டில் திருவிழா. போர்வைக்குள் தலையை விட்டு வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் நான் குனிந்ததும், என் மகள் வந்தவர்களிடமெல்லாம் அறிவிப்பாள்: “அப்பா ஆவி பிடிக்கிறார். இந்தத் தடவை பிடிச்சிடுவார்.” ஸ்டெல்லா அடுப்படியிலிருந்து கேட்பாள்: “எத்தனைங்க?”

“பூஜ்யம்” என்பேன், போர்வைக்குள்ளிருந்து. ஒன்றைக் கழித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.