பதினொரு மணி டீயும் முள்ளம்பன்றியின் கல்யாண லீவும்

ஒரு காட்டில் ஓர் அலுவலகம் இருந்தது. காட்டுக்கு எதற்கு அலுவலகம் என்று கேட்பவர்கள், நாட்டுக்கு எதற்கு இத்தனை அலுவலகம் என்று முதலில் கேட்டுவிட்டு வரவும். நான் காத்திருக்கிறேன்.

அந்தக் காட்டில் ஒரே ஒரு குட்டைதான். மானும் அங்கேதான் தண்ணீர் குடிக்க வேண்டும், புலியும் அங்கேதான். இரண்டும் ஒரே நேரத்தில் போனால் ஒன்றுதான் திரும்பி வரும். ஆகவே யார் எத்தனை மணிக்குக் குடிக்கலாம் என்று பாஸ் எழுதித் தருவதற்காகச் சிங்கம் அந்த அலுவலகத்தை ஏற்படுத்தியிருந்தது. படிவத்தை மூன்று நகல் தர வேண்டும். புலிகள் மட்டும் 'வருகையின் நோக்கம்' என்ற கட்டத்தில் 'தண்ணீர் மட்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டு, வரிசையில் முன்னால் நிற்கும் மானையே பார்த்துக்கொண்டு நிற்கும்.

அலுவலகத்தில் மொத்தம் நான்கு பேர். கண்காணிப்பாளர் ஒரு கரடி. ஃபைல்களைக் காப்பது உடும்பு சங்கரலிங்கம். அவர் பிடித்த ஃபைலை இதுவரை யாரும் திரும்ப வாங்கியதில்லை. முத்திரை குத்துவது மந்தி பிரேமகுமாரி. பாஸ் எழுதுவது முள்ளம்பன்றி சொர்ணம். நம் கதை சொர்ணத்தின் கதை.

இந்த நால்வருக்கும் ஒரு வழக்கம் உண்டு. காலை பதினொரு மணிக்கு நாவல் மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து டீ குடிப்பார்கள். அன்று யார் வரவில்லையோ அவரைப் பற்றிப் பேசுவார்கள். வந்தவரைப் பற்றிப் பேசமாட்டார்கள். அது மரியாதையில்லை என்று நினைத்தார்கள். நல்ல குடும்பத்தில் பிறந்தவர்கள்.

இதனால் ஏற்பட்ட நிர்வாக விளைவைச் சொல்கிறேன். நான்கு வருடமாக அந்த அலுவலகத்தில் ஒருவர்கூட லீவு போடவில்லை. காய்ச்சலோடு வந்தார்கள். உடும்பு சட்டை உரிக்கிற நாளில்கூட பாதித் தோல் தொங்கத் தொங்க வந்து கையெழுத்துப் போட்டார். டீ நேரத்தில் எழுந்து போக வேண்டி வரும் என்று பயந்து காலையிலிருந்து அவர் தண்ணீரே குடிப்பதில்லை. தண்ணீருக்குப் பாஸ் தருகிற அலுவலகத்தில் அவருக்கு இந்தக் கதி. முழு வருகைக்கான கேடயத்தைச் சிங்கம் மூன்று முறை இவர்களுக்கே கொடுத்தது. எல்லோரும் வந்துவிடுவதால் பேச ஆளில்லாமல், எப்போதோ ஓய்வுபெற்றுப் போன காட்டெருமையைப் பற்றியே மூன்று வருடம் பேசினார்கள். பாவம், அதற்குக் காது அரித்துக்கொண்டே இருந்திருக்கும்.

சொர்ணத்துக்குக் கல்யாணம் நிச்சயமாகி இருந்தது. மாப்பிள்ளை பக்கத்து மலை. இரண்டு முறை தேதி குறித்து இரண்டு முறையும் சொர்ணமே தள்ளிப்போட்டாள். காரணம் வேறொன்றும் இல்லை. மாப்பிள்ளைக்கு முதுகின் பின்பக்கம் இரண்டு முள் இல்லை. லீவு விண்ணப்பம் எழுத உட்காரும்போதெல்லாம் அவளுக்குப் பதினொரு மணி கண் முன்னால் வந்து நிற்கும். தான் இல்லாத வட்டத்தில் அந்த இரண்டு முள்ளும் என்ன பாடு படும் என்று அவளுக்குத் தெரியும். எப்படித் தெரியும்? ஐந்து வருடத்துக்கு முன்பு அங்கே வேலை பார்த்த மான் பிரசவத்துக்கு லீவு போட்டபோது, 'குட்டிக்கு அப்பா ஜாடையே இல்லையாமே' என்று முதலில் ஆரம்பித்ததே சொர்ணம்தான். மான் திரும்பி வந்து ஒரே வாரத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டது.

மூன்றாவது முறை தேதி குறித்தபோது மாப்பிள்ளையின் அம்மா செல்போனில் கூப்பிட்டாள். 

"இந்தத் தடவையும் தள்ளிப்போச்சுன்னா சொல்லிடு தாயி. எம்புள்ளைக்கு முள்ளுதான் ரெண்டு குறைவு. பொண்ணு குடுக்க வரிசையில நிக்கிறாங்க."

சொர்ணத்துக்கு அன்று பாஸ் எழுதக் கை ஓடவில்லை. ஒரு முயலுக்குப் புலியின் நேரத்தை எழுதிக் கொடுத்துவிட்டாள். முயல் படித்துப் பார்க்கிற முயல் என்பதால் பிழைத்தது.

அந்த வாரம்தான் சிங்கத்தின் குகையிலிருந்து சுற்றறிக்கை வந்தது. எல்லா அலுவலகங்களிலும் ஊழியர்களுக்கிடையே ஆரோக்கியமான உறவை வளர்க்க வேண்டும், மாத இறுதிக்குள் வளர்த்து முடித்து அறிக்கை அனுப்ப வேண்டும் என்று அதில் இருந்தது. வளர்ப்பதற்காக ஒரு பூநாரை வந்தது. மார்கழியில் வெளிநாட்டிலிருந்து வந்து, மாசியில் திரும்பிப் போகிற பறவை. வருடத்தில் ஒன்பது மாதம் யாரோடும் வேலை செய்யாததால், கூட வேலை செய்பவர்களோடு எப்படிப் பழகுவது என்பதில் அது நிபுணராக இருந்தது. 

ஒற்றைக் காலில் நின்றுகொண்டு அது முதல் பயிற்சியை அறிவித்தது.

"கண்ணை மூடிக்கோங்க. அப்படியே பின்னாடி சாயுங்க. உங்க சக ஊழியர் தாங்கிப் பிடிப்பார்னு முழுசா நம்புங்க!"

சொர்ணம் முழுசாக நம்பிச் சாய்ந்தாள். கரடி முழுசாகத் தாங்கிப் பிடித்தது. அப்புறம் மத்தியானம் வரைக்கும் மந்தி உட்கார்ந்து கரடியின் நெஞ்சிலிருந்து முட்களைப் பிடுங்கினாள். கரடியின் கண்ணில் நீர் வழிந்ததைப் பார்த்த பூநாரை, 'மேலாளர் நெகிழ்ந்துவிட்டார்' என்று குறித்துக்கொண்டது. 

"பரவால்ல சொர்ணம்," என்று கரடி முனகியது. "உன்மேல எனக்கு நம்பிக்கை வந்துடுச்சு. இனிமே சாயாதே."

இரண்டாம் நாள் பூநாரை டீ வட்டத்தைப் பார்த்துவிட்டது. அதிர்ச்சியில் இரண்டாவது காலையும் கீழே ஊன்றியது. உடனே ஒரு பலகை எழுதி நாவல் மரத்தில் ஆணியடித்து மாட்டியது. 'இங்கே இல்லாத ஒருவரைப் பற்றி யாரும் பேசக் கூடாது.' 

"நல்லதா நாலு வார்த்தை பேசலாமா மேடம்?" என்று உடும்பு கேட்டார்.

"கூடாது. நல்லதுலதான் ஆரம்பிப்பீங்க. நடுவுல ஒரு 'ஆனா' வரும். அதுக்கப்புறம் நிக்காது."

அது சரியான பேச்சு என்பதால் யாரும் மறுக்கவில்லை. நான்கு பேரும் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்கள். மீறினால் மறுபடியும் முதலிலிருந்து பயிற்சி என்று அடியில் பொடி எழுத்தில் இருந்தது. கரடி அந்த வரியை மட்டும் மூன்று முறை படித்துவிட்டு நெஞ்சைத் தடவிக்கொண்டது.

சொர்ணத்துக்கு அன்று முதன்முறையாக மூச்சு நிம்மதியாக வந்தது. பத்தே நிமிடத்தில் லீவு எழுதினாள். கரடி அங்கேயே கையெழுத்துப் போட்டது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகையை மூன்று பேருக்கும் நேரில் கொடுத்தாள். 

"அக்கா, நீங்க கண்டிப்பா வரணும். அண்ணே, நீங்களும். சார், நீங்க இல்லாமயா?"

"இதென்ன பேச்சு, வராம இருப்போமா?" என்றாள் மந்தி. உடும்பு பத்திரிகையை வாங்கிக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பூநாரை மரத்தடியில் நின்று கை தட்டியது. மறுநாள் அது வேறு அலுவலகத்தில் உறவு வளர்க்கக் கிளம்பிப் போய்விட்டது.

கல்யாணத்தில் முதல் வரிசையில் மூன்று நாற்காலிகளைச் சொர்ணம் காலியாக வைக்கச் சொல்லியிருந்தாள். தாலி கட்டுகிற வரைக்கும் காலியாக இருந்தன. கட்டிய பிறகும் இருந்தன. சாப்பாட்டுப் பந்தி மூன்றாவது முறை போட்டபோது, சம்பந்தமே இல்லாத ஒரு நரிக் குடும்பம் வந்து அந்த நாற்காலிகளில் உட்கார்ந்துகொண்டது. மாப்பிள்ளை பாவம், ஆபீஸ்காரர்கள் வரப்போகிறார்கள் என்று பின்பக்கத்து இடைவெளி தெரியாதபடி முட்களை வாரி வாரி விட்டுக்கொண்டு முழு நாளும் நேராகவே நின்றிருந்தான்.

ஐந்து நாள் கழித்து ஒரு டப்பா லட்டோடு சொர்ணம் வேலைக்கு வந்தாள். உடும்பு நிமிர்ந்து பார்த்தார்.

"சொர்ணம், யானைக்கு எழுதின பாஸ் எங்கம்மா? நாலு நாளா கேட்டுக்கிட்டு நிக்குது."

"நான் லீவுல இருந்தேன்ணே."

"அப்படியா?" என்றார் உடும்பு. அவர் நடிக்கவில்லை. சொர்ணத்துக்கு அதுதான் சுருக்கென்று குத்தியது. முள்ளம்பன்றியைக் குத்துவது லேசில் முடிகிற காரியமில்லை.

பதினொரு மணிக்கு எல்லோரும் நாவல் மரத்தடிக்குப் போனார்கள். லட்டு டப்பாவைத் திறந்ததும்தான் மந்தி வாயில் கையை வைத்துக்கொண்டாள். 

"ஐயோ! கல்யாணம் முடிஞ்சுடுச்சா?"

"முடிஞ்சுதுக்கா. மூணு நாற்காலி போட்டு வெச்சிருந்தேன்." சொர்ணம் லட்டு டப்பாவை அவர்கள் பக்கம் தள்ளினாள். "ஒருத்தர்கூட வரலியே. அப்படி என்ன செஞ்சேன் நான்?"

கரடி டீ கிளாஸைக் கீழே வைத்தது. 

"நீ ஒண்ணும் செய்யலம்மா. எனக்கு ஞாபகம் இருந்துச்சு. தினம் பத்தே முக்காலுக்கு ஞாபகம் வரும். எந்த வண்டியில போறது, என்ன பரிசு வாங்கறதுன்னு டீ நேரத்துல பேசிக்கலாம்னு வருவேன். இங்க வந்து உக்காந்தா நீ இல்ல. நீ இல்லாதப்ப உன் பேச்சை எப்படி எடுக்கறது? பலகை போட்டிருக்கே!"

"எனக்கும் அதேதான்," என்றார் உடும்பு. "யாராவது ஆரம்பிச்சா கலந்துக்கலாம்னு பார்த்தேன். வெயில் ஜாஸ்தின்னு சார் சொன்னாரு. ஆமான்னு சொன்னேன். மறுநாளும் வெயில் ஜாஸ்தின்னு சொன்னாரு. ரெண்டு நாள் பேசாம இருந்ததுல சுத்தமா மறந்தே போச்சும்மா."

மந்தி ஒரு லட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். பத்திரிகையை மடித்து முத்திரை மேசையின் ஆட்டத்துக்கு முட்டுக் கொடுத்திருந்தாள். அதைச் சொல்லாமல் இருப்பது ஆரோக்கியம் என்று அவளுக்குத் தெரிந்தது.

எல்லோரும் லட்டு சாப்பிட்டார்கள். நன்றாக இருக்கிறது என்று நேரில் சொன்னார்கள். அப்புறம் வெயிலைப் பற்றிப் பேசினார்கள். பூநாரை மட்டும் அப்போது பார்த்திருந்தால் ஆனந்தக் கண்ணீர் விட்டிருக்கும். சண்டையில்லை, பொறாமையில்லை, யார் மனசும் யாருக்கும் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் கணவன் மெதுவாகக் கேட்டான். 

"உங்க ஆபீஸ்ல என்னைப் பத்தி என்ன பேசிக்கிட்டாங்க?"

"ஒண்ணும் பேசல."

"அந்த ரெண்டு முள்ளைப் பத்திக்கூடவா?"

"அதைப் பத்திக்கூட இல்லீங்க."

அவன் முகம் விழுந்துவிட்டது. அன்று அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் பதினொரு மணி. வட்டமாக உட்கார்ந்தார்கள். கரடி வானத்தைப் பார்த்துத் தொண்டையைச் செருமியது. அது வெயிலைத் தொடங்குவதற்குள் சொர்ணம் எழுந்துவிட்டாள். நான்கு வருடத்தில் டீ நேரத்தில் ஓர் ஆள் எழுவது அதுதான் முதல் தடவை. உடும்பு அவளை ஆச்சரியமாகப் பார்த்தார். கொஞ்சம் பொறாமையாகவும் பார்த்தார்.

"நான் கொஞ்சம் வெளிய போயிட்டு வர்றேன்," என்றாள் சொர்ணம். "வர கால் மணி நேரம் ஆகும்." 

போகிற போக்கில் தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பலகையின் மேல் போட்டுவிட்டுப் போனாள். போய்ப் பத்தடி தள்ளி இருந்த காரைமுள் புதருக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

முதலில் டீ உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் மந்தியின் குரல் தாழ்ந்து வந்தது.

"மாப்பிள்ளைக்குப் பின்னாடி ரெண்டு முள்ளு இல்லையாமே?"

"ரெண்டா? மூணுன்னு கேள்விப்பட்டேன்," என்றார் உடும்பு.

"எத்தனையா இருந்தா என்ன? நம்ம சொர்ணம் கையெழுத்துக்கும் கலருக்கும் இதைவிட நல்ல இடம் கிடைச்சிருக்கும்," என்றது கரடி. "அவசரப்பட்டுட்டா."

"அவளா அவசரப்பட்டா? ரெண்டு தடவை தள்ளிப்போட்டவ சார். நல்ல பேனாவை எல்லாம் டிராயர்ல பூட்டி வெச்சிக்கிறாளே, அந்தப் புத்தி," என்றாள் மந்தி.

"காலையில பாஸுக்கு வந்த மைனா சொல்லுச்சு," என்றார் உடும்பு. "நம்ம மூணு நாற்காலியையே அவ அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டு இருந்தாங்களாம். கடைசியில நரி வந்து உக்காந்துச்சாம்."

டீ கிளாஸ் ஒன்றைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. 

"அழுதிருப்பா," என்றாள் மந்தி. "நாம போயிருக்கணும் சார். வர்ற ஞாயித்துக்கிழமை வீட்டுக்காவது போய்ப் பார்த்துட்டு வருவோம். அப்படியே அந்த முள்ளையும் எண்ணிட்டு வந்துடலாம்."

புதருக்குப் பின்னால் சொர்ணம் வாயைப் பொத்திக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். இத்தனை வருடத்தில் 'நம்ம சொர்ணம்' என்று அவள் முகத்துக்கு நேரே ஒருத்தர் சொன்னதில்லை. கால் மணி நேரம் என்று சொல்லியிருந்தவள், பேச்சு சுவாரசியமாகப் போய்க்கொண்டிருந்ததால் முக்கால் மணி நேரம் அங்கேயே இருந்துவிட்டாள். திரும்பி வந்தபோது எல்லோரும் வெயில் ஜாஸ்தி என்றார்கள். அவளும் ஆமாம் என்றாள்.

மறுநாள் பதினொரு மணிக்கு உடும்பு, தனக்கும் வெளியே ஒரு ஜோலி இருக்கிறது என்றார். அதற்கு அடுத்த நாள் மந்தி. அதற்கும் அடுத்த நாள் கரடியே கூச்சப்பட்டுக்கொண்டு எழுந்தது. ஒரு வாரத்தில் புதருக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டார்கள். வருகைப் பதிவேட்டில் அதற்குக் 'களப்பணி' என்று பெயர். மழைக்காலத்தில் நனையக் கூடாது என்று மேலே ஓலையும் வேய்ந்தார்கள். பலகையில் கிடந்த துண்டை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

வருடக் கடைசியில் மிக ஆரோக்கியமான அலுவலகம் என்று அதற்குத்தான் கேடயம் கிடைத்தது. வாங்கப் போனபோது பூநாரை வந்திருக்கவில்லை. ஆகவே வழி நெடுக அதைப் பற்றிப் பேசிக்கொண்டே போனார்கள். அதற்கு இன்னொரு கால் உண்மையிலேயே இருக்கிறதா என்பதில் மட்டும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை.

நீதி: உங்கள் முதுகுக்குப் பின்னால் யாரும் பேசாத அலுவலகத்தில் வேலைக்குச் சேராதீர்கள், உங்கள் கல்யாணத்துக்கு ஆள் வராது.