பொம்மைக்கு வந்த கைராசி

ஆயிரக்கணக்கான பெண்கள் ஒரே நேரத்தில் செல்போன் திரையில் உள்ளங்கையை ஒட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பேய் பிடித்துவிட்டதோ என்று பயப்படாதீர்கள்; பட்டமளிப்பு விழா! ஆன்லைனில் அழகுக்கலை கற்றுக்கொடுக்கும் 'தங்கக்கை ராணி', படிப்பை முடித்தவர்களுக்குத் திரை வழியாகக் கைராசியை அனுப்பிக்கொண்டிருந்தார். நெட் விட்டுவிட்டு வந்தால் ராசியும் விட்டுவிட்டுத்தான் வரும், என்ன செய்வது!

வீட்டில் எல்லோரும் 'பவுடர்' என்று கூப்பிடும் பெண்ணும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. "ராசி வந்த கை பழகிப் பார்க்கக் கூடாது, தேய்ஞ்சிடும்" என்று ராணி சொன்னதை அப்படியே நம்பினாள். தன்னம்பிக்கை வானத்தைத் தொட்டது. கை இன்னும் ஒரு புருவத்தைக்கூடத் தொடவில்லை.

"அண்ணி, நாளைக்கு உங்க பார்லருக்கு வர்ற கல்யாணப் பொண்ணுக்கு நான்தான் புருவம் எடுப்பேன். நல்லா செஞ்சா என்னை வேலைக்குச் சேர்த்துக்கணும்!"

அண்ணி கையிலிருந்த சீப்பைக் கீழே வைத்தாள். "போட்டோவுல அவ அரைப் புருவத்தோட நிக்கணுமா? முதல்ல என் கால் முடியில நூலைப் போட்டுப் பழகுடி."

"தேய்ஞ்சிடும் அண்ணி!"

"சரி, உங்க ராணி ஆளைப் பார்த்துத்தான் ராசி குடுக்கிறாங்களா?"

"பின்னே? ஒவ்வொருத்தரையும் நேருக்கு நேர் பார்த்துத் தனித்தனியாப் பேசுவாங்க!"

அண்ணி, பார்லரில் முடி பின்னிப் பழகுவதற்கு வைத்திருந்த பொம்மைத் தலையைத் தூக்கிவந்து மேஜைமேல் வைத்தாள். கழுத்தோடு முடிந்துபோன ஜீவன் அது. அதன் எதிரே பவுடரின் போனை நிறுத்தி, 'தனித் தீட்சை' பட்டனை அமுக்கினாள்.

ராணி தோன்றினார். குரல் தழுதழுத்தது. "மகளே! உன் விரல் நுனியெல்லாம் சூடாகுதே, எனக்குத் தெரியுது! அழாதே, கண்ணைத் துடைச்சுக்கோ."

பொம்மை துடைத்துக்கொள்ளவில்லை. கை இருந்தால்தானே!

பவுடரின் முகம் சுருங்கிப்போயிற்று. "எனக்கும் இதையேதான் சொன்னாங்க அண்ணி. நான் துடைச்சுக்கிட்டேன்."

சொல்லிவிட்டு அவளே குபீரென்று சிரித்தாள். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அண்ணி தன் போனில் படம்பிடித்திருந்த அந்தக் காட்சி அடுத்த நிமிடம் மாணவிகளின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது. ஒருத்தி தன் போனில் ராணிக்குக் கரண்டியைக் காட்டினாள், இன்னொருத்தி துடைப்பத்தைக் காட்டினாள். துடைப்பத்துக்கும் விரல் நுனி சூடானது! எல்லாருக்கும் ஓடியது முன்பே எடுத்துவைத்த ஒரே பதிவு.

ராணி அலறியடித்துக்கொண்டு நேரலைக்கு வந்தார். "அந்தப் பொம்மை போன ஜென்மத்துல அழகுக்கலைஞர்!"

அதற்கும் நாலு பேர் "ஆமாம் தாயே" என்று போட்டார்கள். மற்றவர்கள் பிடித்த பிடியில் ராணி, "நெட் சரியில்லை" என்று திரையிலிருந்து நழுவியவர்தான், அப்புறம் ஆளையே காணோம்.

பவுடர் நூலைக் கையில் எடுத்தாள். எந்த விரலில் மாட்டுவது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அண்ணி, எனக்கு ஒண்ணுமே தெரியாது."

"அப்பாடா! இனிமே உனக்குச் சொல்லிக்குடுக்கலாம். நாளைக்கு நான் புருவம் எடுக்கிறேன், நீ தோலை இழுத்துப் பிடி. கை பழகட்டும், அப்புறம் வேலை உனக்குத்தான்." சொல்லிக்கொண்டே காலை நீட்டினாள் அண்ணி.

முதல் இழுப்பில் அண்ணி போட்ட கூச்சல் தெருமுனை வரை கேட்டது. பத்தாவது இழுப்பில் கொஞ்சம் குறைந்தது. இந்த உலகத்தில் எதை வேண்டுமானாலும் ஆன்லைனில் படித்துக்கொள்ளுங்கள், ஐயா. யோசிக்கிற வேலையை மட்டும் அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு உட்காராதீர்கள்!