வாடைக் காற்றும் அறுபது பொய்வாத்துகளும்

வாழி! லூசியானாச் சேற்றுநிலத்துக் கோமான், மார்புவரை ரப்பர்க் கவசம் பூண்ட மாவீரன், ஆறு வேட்டைப் பருவங்களாக ஒரு வாத்தின் சிறகைக்கூட நோகடிக்காத பேரருளாளன், ஓடிலோன் ட்ராஹான் வாழி! பாடும் நாவுக்கு வெட்கம் வராதிருக்க, சதுப்புநிலத் தெய்வங்களே, துணைநில்லுங்கள்!

முந்தைய ஞாயிறன்று, தேவாலய வாசலில், பாதிரியார் காதுபட அவன் சபதம் முழங்கியிருந்தான்: "அத்தே! உங்க எழுபதாம் பொறந்தநாளுக்கு நான் சுட்ட வாத்துதான் கம்போக் குழம்புல கொதிக்கும்! இல்லேன்னா எங்கப்பன் துப்பாக்கியை உங்க மகனுக்கே குடுத்துடறேன்!" மாமியார் சிலுவை போட்டுக்கொண்டார். மகன் க்ளோவிஸ் மட்டும் வண்டியில் கிடந்த அந்தத் துப்பாக்கியை ஒரு பார்வை பார்த்தான்.

பிறந்தநாளும் விடிந்தது. வாடை சுழன்றடித்தது. வாடை வந்தால் வாத்து வரும். அதே வாடை ஆழமில்லாத குளத்து நீரையெல்லாம் கடலுக்குத் துரத்திவிடும் என்பது அந்த ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஆழமான கால்வாய்க்குத் திரும்பும் முன், தானும் வேட்டைக்கு வந்திருந்த க்ளோவிஸ் தன் படகிலிருந்தே கத்தினான்: "மச்சான், குளத்துல தண்ணி நிக்காது! ஆழத்துக்கு வா!"

"பன்னிரண்டு பொம்மை வாத்தைத் தூக்கிப் போட்டுட்டுத் தூங்கற பய, எனக்குப் புத்தி சொல்றியா? போடா!" என்று கர்ஜித்தான் கோமான்.

பின்னர், வானத்து வாத்துகளை ஏமாற்றி இறக்க நீரில் மிதக்கவிடும் பொய்வாத்துகளை அணிவகுத்தான் பாருங்கள், அடடா! ஈயக்குண்டு கட்டிய நூல்களின் சிக்கலைப் பல்லால் கடித்துப் பிரித்து, முழங்கால் நீரில் உழன்று, சென்ற ஆண்டு தானே சுட்டதில் தலையிழந்த பொய்வாத்துக்கும் கறுப்பு டேப்பால் தலையொட்டி முன்வரிசையில் பதவி தந்து, மெய்வாத்துகள் வந்திறங்க நடுவே இடம் விட்டு, அறுபது பிளாஸ்டிக் படைமறவரைத் தூண்டில்முள் வியூகத்தில் நிறுத்தி, ஒன்று அரையடி விலகிநிற்கக் கண்டு மனம்பொறாது மறுபடி இறங்கித் திருத்தி, ஒன்றரை மணி நேரம் கழித்து நாணல் மறைப்பில் அமர்ந்தான் அந்தத் தளபதி. அதற்குள் நீர் கணுக்காலுக்கு இறங்கியிருந்தது. அவன் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வந்தன வாத்துகள்! நூறு, இருநூறு! வட்டமிட்டுக் குனிந்து பார்த்தன. கீழே குளம் இல்லை. சேற்றில் ஒருக்களித்துப் படுத்து, ஈயக்குண்டும் நூலும் வெளியே தெரிய, அறுபது மறவரும் துயில்கொண்டிருந்தனர். டேப்புத் தலையன் மட்டும் நிமிர்ந்திருந்தான், அவன் தலை பக்கத்தில் கிடந்தது. வாத்துகள் கால்வாய்ப் பக்கம் திரும்பின. அங்கே க்ளோவிஸின் துப்பாக்கி ஆறுமுறை வெடித்தது.

ஐயோ, வீரனின் நெஞ்சு வெடித்ததை யார் கேட்டார்! எழுந்தான், படகைத் தள்ளினான். படகும் சேற்றில் உட்கார்ந்திருந்தது. வேறு வழியின்றிப் போனை எடுத்தான்.

"டேய் க்ளோவிஸ்... படகு மாட்டிக்கிச்சுடா."

"கயிறு எடுத்துட்டு வரேன் மச்சான். அதுவரைக்கும் சும்மாதானே இருப்ப, துப்பாக்கியைக் கொஞ்சம் துடைச்சு வை."

ஓடிலோன் உட்கார்ந்து துப்பாக்கியைத் துடைத்தான்.