திண்டிவனத்தில் நான் பேய்ப் படங்களுக்கு ரேங்க் போட்ட கதை

பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளை வாயைத் திறப்பது சொஜ்ஜிக்காக மட்டும்தான் இருக்க வேண்டும். பஜ்ஜி வைத்தால் அதற்காகவும் திறக்கலாம். பேசுவதற்குத்தான் மாமா, சித்தப்பா, தரகர் என்று ஆள் கூட்டிக்கொண்டு போகிறோம். இந்த ஏற்பாட்டைச் செய்து வைத்த பெரியவர்கள், என்னைப் போன்ற ஒருவனிடம் பட்ட பிறகுதான் செய்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. விழுப்புரத்தில் ஓர் உரக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஊருக்குத்தான் நான் உரக்கடைக்காரன். மனசுக்குள் நான் ஒரு சினிமா விமர்சகன். பத்திரிகையில் என் வாசகர் கடிதம் இரண்டு முறை வந்திருந்தது. (ஒன்றில் என் பெயர் தப்பு, இன்னொன்றில் ஊர் தப்பு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் நான்தான் என்று தெரியும். அப்படி வைத்துத்தான் எல்லோருக்கும் காட்டினேன்.)

அந்த நாளில் மாத நாவல்கள் ரயில்வே ஸ்டேஷன் புத்தகக் கடையில் வந்த வேகத்தில் தீர்ந்துபோகும். அதில் பேய்க்கதைக்கென்றே பேர்போன ஓர் அம்மாள் இருந்தார். ஆனந்தவல்லி என்று வைத்துக்கொள்ளுங்கள், பெயரை மாற்றித்தான் சொல்கிறேன். அவர் எழுதியவற்றில் நான்கு, படமாக வந்திருந்தன. படங்களின் பெயரையும் எழுதப் போவதில்லை. அந்த அம்மாள் வீட்டு மனிதர்கள் யாராவது படித்துவிட்டு, இவன் இன்னுமா திருந்தவில்லை என்பார்கள். கிணற்றுப் படம், லாரிப் படம், பொம்மைப் படம், பாத்திரம் துலக்கும் படம். இந்த அடையாளம் போதும்.

இந்த நான்கையும் சினிமாக் கொட்டாயில் மணலில் உட்கார்ந்தும், வாடகைக்கு வீடியோ டெக்கு எடுத்துப் போட்டும் திரும்பத் திரும்பப் பார்த்திருந்தேன். எது முதல், எது கடைசி என்று மனசுக்குள் ஒரு வரிசை வைத்திருந்தேன். டீக்கடையில் அதைச் சொல்லிச் சொல்லியே ஒன்றிரண்டு சிநேகிதர்களை இழந்திருந்தேன். உரத்தின் தரத்தைப் பற்றி முதலாளி கேட்டால்கூட நான் இவ்வளவு தீர்மானமாகப் பேசியதில்லை.

திண்டிவனத்து இடம் அப்போதுதான் வந்தது. பெண் பெயர் மஞ்சுளா. அப்பா அங்கே அரசாங்க ஆபீஸ் ஒன்றில் ஹெட் கிளார்க், சொந்த ஊர் பெருமுக்கல் பக்கம், கொஞ்சம் நிலமும் உண்டு என்றார் தரகர். எங்கள் வீட்டில் அப்பா இல்லை. அம்மாவுக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது. அக்காவும், அவள் புருஷனான என் மாமாவும் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பஸ்ஸில் அக்கா எனக்குக் கொடுத்த ஒரே புத்திமதி, சினிமாப் பேச்சை எடுக்காதே என்பதுதான். சரி என்று தலையை ஆட்டினேன், மனசாரத்தான் ஆட்டினேன்.

மஞ்சுளா காபித் தட்டோடு வந்தாள். தலையைக் குனிந்துகொண்டு வரவில்லை. என் தம்ளரின் அடியில் ஒட்டியிருந்த ஈரத்தை முந்தானையால் துடைத்துவிட்டு நீட்டினாள். அவ்வளவுதான், எனக்குப் பிடித்துப்போயிற்று. கட்டினால் இவளைத்தான் கட்ட வேண்டும் என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். அவள் உள்ளே போனாள், அக்காவும் பின்னாலேயே போனாள். கூடத்துக்கும் அந்த அறைக்கும் நடுவில் ஒரு திரைச்சீலைதான். நான் பேசுவது அவளுக்குக் கேட்கும். ஏதாவது பேசி அவளை அசத்திவிட வேண்டும் என்று வாய் துறுதுறுத்தது.

அவள் அப்பா நிதானமான மனிதர். வேலை நேரம் போக மற்ற நேரத்தில் தம்பி என்ன செய்வீர்கள் என்று கேட்டார். மாமா முந்திக்கொண்டு, பையன் புத்தகம் படிப்பான் என்றார். என்ன புத்தகம் என்றார் அவர். ஆனந்தவல்லி நாவல் என்றேன்.

அவர் காபி தம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "படமா வந்ததும் பாத்திருக்கீங்களா?"

"நாலும் பாத்திருக்கேங்க."

"நாலுல எது மொதல்ல, எது கடைசி? சொல்லுங்க கேப்போம்."

மாமா என் காலை மிதித்தார். இடம் போதவில்லை போலிருக்கிறது என்று காலை நகர்த்திக்கொண்டேன். பிறந்ததிலிருந்து யாராவது இதைக் கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவன் நான்.

முதல் இடம் கிணற்றுப் படத்துக்கு. கிணற்றில் விழுந்து செத்த மருமகள் விளக்கு வைக்கிற நேரத்தில் அடுப்படிக்கு வந்து நிற்பாள். கடைசியில் மாமியார்க்காரி பயந்து ஓடாமல் இலை போட்டு அவளுக்குச் சோறு போடுவாள். அவள் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவாள். அந்த ஒரு முடிவுக்காகவே ஆனந்தவல்லி அம்மாவுக்குக் கோயில் கட்டலாம் என்றேன்.

"நாவல்லயும் அந்த சோறு போடற சீன் இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

"அச்சு அசலா அப்படியேதாங்க. படிச்சிட்டு ரெண்டு நாளு தூங்கல."

(அந்த நாவலை நான் கண்ணாலேயே பார்த்ததில்லை. நான் ஸ்டேஷனுக்குப் போவதற்குள் தீர்ந்துவிட்டது.) திரைக்குப் பின்னால் மஞ்சுளா சிரித்தாள். ஆஹா, அசத்திவிட்டோம் என்று எனக்கு உச்சி குளிர்ந்தது.

லாரிப் படத்துக்கு இரண்டாவது இடம். காமெடி டிராக்கால் கெட்டுப்போன பொம்மைப் படத்துக்கு மூன்றாவது இடம். அதற்குமேல் நான் சொன்னதை அப்படியே எழுதிவிடுகிறேன். மென்று முழுங்குவதில் பிரயோஜனம் இல்லை.

"கடைசி அந்தப் பாத்திரம் வெளக்கற படங்க. செத்துப்போன பொண்டாட்டி பேயா வந்து பாத்திரம் வெளக்குது, வீடு பெருக்குது, புருஷனுக்குச் சுடுதண்ணி வெக்கிது. அந்த மாதிரி பேய் ஒண்ணு கெடச்சா நானே சம்பளம் குடுத்து வெச்சிக்கறேன். மத்த மூணுத்துக்கும் அந்தம்மா கதை மட்டும்தான். இதுக்குத் திரைக்கதை, வசனம் எல்லாமே அவங்க. அதான் கெட்டுது. கதையோட நிறுத்திக்கம்மான்னு வேண்டியவங்க யாராச்சும் எடுத்துச் சொல்லணும்."

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மஞ்சுளாவின் அம்மா பஜ்ஜித் தட்டோடு வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் முடிக்கிறவரை பொறுத்திருந்து, "காப்பிக்கு சக்கரை போதுங்களா தம்பி?" என்று கேட்டு, தட்டை எதிரில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண் பார்க்கப் போனால் பெண்ணின் அப்பா பெயர், தாத்தா பெயர், பெரியப்பா பெயர் எல்லாம் வந்துவிடும். அம்மா பெயரை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள், யாரும் கேட்கவும் மாட்டார்கள். அவர் 'மஞ்சு அம்மா', அவ்வளவுதான். புருஷன்காரர் நாலு பேர் எதிரில் பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கமும் அப்போது கிடையாது.

மஞ்சுளாவின் அப்பா கூப்பிட்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உள்பக்கம் திரும்பி, "ஆனந்தவல்லி, இப்படி வா. தம்பி உன் படத்துக்கெல்லாம் மார்க்கு போட்டுக்கினு இருக்காரு" என்றார்.

அந்த அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார். எழுந்து அவருக்குப் பெரிய கும்பிடாகப் போட்டேன். வீட்டு வேலையும் பார்த்துக்கொண்டு இப்படி எழுதுகிறீர்களே என்று ஏதோ உளறினேன். அவர் சங்கடத்தோடு புருஷனைப் பார்த்தார்.

"பேரு மட்டும்தாங்க அவுளுது. எழுதறது நானு" என்றார் மஞ்சுளாவின் அப்பா. "கவர்மெண்டு உத்தியோகம். சொந்தப் பேர்ல எழுதினா பேஜாரு. வெளிய சொல்லிடாதீங்க."

அதோடு விட்டுவிட்டார். கோபப்படவில்லை. உட்காருங்கள் என்றார். கிணற்றுப் படத்தின் அந்த முடிவு டைரக்டர் வைத்தது, நாவலில் தான் மந்திரவாதியைக் கூப்பிட்டு அந்தப் பெண்ணை எரித்திருந்ததாகச் சொன்னார். சொல்லும்போது லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தார். திட்டியதை ஜீரணித்துக்கொண்டுவிட்டார் என்றும், அடுத்தவன் வைத்த முடிவுக்காகக் கோயில் கட்டிக்கொள்ளத்தான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது என்றும் இப்போது புரிகிறது.

அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்கலாம். பஜ்ஜி கண்ணெதிரில்தான் இருந்தது. ஒன்றை எடுத்து வாயில் போட்டிருந்தால் என் வாழ்க்கையே வேறு மாதிரி போயிருக்கும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "யோசிச்சிப் பாத்தா, அந்தப் பாத்திரம் வெளக்கற படம் அவ்ளோ மோசம் இல்லீங்க" என்று ஆரம்பித்தேன். முதலில் அதை மூன்றாவது இடத்துக்குத் தூக்கினேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பெண்களின் உழைப்பை இப்படிச் சொன்ன படம் தமிழிலேயே இல்லை என்று சொல்லி இரண்டாவது இடத்துக்குக் கொண்டுவந்தேன். அவர் பஜ்ஜித் தட்டை என் பக்கம் நகர்த்தினார். போகிறது என்று முதல் இடத்தையே கொடுத்துவிட்டேன். வசனம் இருக்கிறதே, ஒவ்வொன்றும் முத்து என்றேன். (ஒரு வசனம்கூட ஞாபகம் இல்லை. நல்லவேளை, அவர் கேட்கவில்லை.) கிணற்றுப் படத்துக்கு நாலாவது இடம்தான் மிச்சம் இருந்தது, அதில் தூக்கிப் போட்டேன். மாமா அண்ணாந்து ஓடாத மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரைக்குப் பின்னால் இந்தத் தடவை சிரிப்புச் சத்தம் இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா என்னோடு பேசவில்லை. விக்கிரவாண்டி வரைக்கும் மடியில் வைத்திருந்த அவித்த மல்லாட்டையை, வேர்க்கடலையைத்தான் சொல்கிறேன், உரித்து உரித்து மாமாவுக்கு மட்டும் கொடுத்துக்கொண்டு வந்தாள். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள்.

அப்பா எழுதுவதையெல்லாம் நல்ல பிரதி எடுத்துக் கொடுப்பது மஞ்சுளாதானாம். நான் நாவலைப் படித்ததாகப் புளுகியபோது அதனால்தான் சிரித்திருக்கிறாள். புளுகைக்கூட அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாத்திரம் துலக்கும் படத்தை நான் கிழித்தபோது அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, தானும் இதையேதான் சொன்னதாகவும், அதற்கு அப்பா ஒரு வாரம் தன்னோடு பேசவில்லை என்றும் சொல்லியிருக்கிறாள். மூஞ்சிக்கு நேராகச் சொல்கிற ஆள், எனக்குப் பிடித்திருக்கிறது என்றும் சொல்லியிருக்கிறாள். அக்கா மனசுக்குள் நிச்சயதார்த்தத்துக்குப் புடவையே எடுத்துவிட்டாளாம்.

அதற்கு அப்புறம்தான் நான் ரேங்க்கை மாற்றியிருக்கிறேன். நாங்கள் கிளம்பும்போது மஞ்சுளா அக்காவிடம் சொன்னதை அக்கா ஒரு சொல் விடாமல் ஒப்பித்தாள்.

"மொதல்ல சொன்னதோட நிறுத்தியிருந்தா நான் சரின்னிருப்பேங்க்கா. எங்கப்பா மூஞ்சியப் பாத்துக்கினே மாத்திக்கினு போறாரே. நாளைக்கு என்னப் பத்தி யாராச்சும் ஒண்ணு சொன்னா, இவரு எந்தப் பக்கம் நிப்பாரு?"



அக்கா இன்னொன்றும் சொன்னாள். அது அடுப்படியில் அந்த அம்மாள் சொன்னது. அந்த அம்மாள் உடம்பு முடியாமல் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் பிழைப்பாரோ மாட்டாரோ என்று கிடந்தபோது, வீட்டில் ஒண்டியாக உட்கார்ந்து மஞ்சுளாவின் அப்பா எழுதியதாம் அந்தப் பாத்திரம் துலக்கும் கதை. அதனால்தான் வேறு யாரையும் தொடவிடாமல் திரைக்கதை, வசனம் எல்லாவற்றையும் தானே எழுதியிருக்கிறார். அந்தப் பேய்க்குத்தான் நான் சம்பளம் பேசியிருக்கிறேன், சாட்சாத் அந்த அம்மாளே என் பக்கத்தில் பஜ்ஜித் தட்டோடு நின்றுகொண்டிருக்கும்போது.

பெண்ணின் அப்பாவுக்குச் சம்மதம்தான், பெண்தான் வேண்டாம் என்கிறது என்று தரகர் வந்து சொன்னார். மறுபடி ஒரு தடவை போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் ஒன்றும் டில்லி இல்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது, போகவில்லை. பஸ் ஸ்டாண்டில் திண்டிவனம் போர்டு போட்ட பஸ்ஸைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். கொஞ்ச நாளில் மஞ்சுளாவுக்கு வானூர் பக்கம் கல்யாணம் ஆகிவிட்டதாகக் காதில் விழுந்தது. அன்றைக்கு முழுவதும் உரக்கடையில் யார் என்ன கேட்டாலும் யூரியாவையே எடுத்துக் கொடுத்தேன்.

எனக்கும் கல்யாணம் ஆனது. அக்கா சும்மா இருப்பாளா? தாலி ஏறிய மூன்றாம் நாளே என் பெண்டாட்டியை உட்கார வைத்து முழுக் கதையையும் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாராவது சொன்ன பேச்சிலிருந்து பின்வாங்கினால் 'திண்டிவனம் போறான்' என்பார்கள். என் பிள்ளைகள் அந்த ஊரை மிதிப்பதற்கு முன்னாலேயே இந்தப் பேச்சைக் கற்றுக்கொண்டார்கள். கல்யாண மண்டபத்தில் மாமா இதை நடித்தே காட்டுவார், மின்விசிறியை அண்ணாந்து பார்ப்பது உட்பட. நானும் சேர்ந்துதான் சிரிப்பேன். வேறு என்ன செய்ய?

போன வருஷம் ஒரு மத்தியானம் டிவியில் அந்தப் பாத்திரம் துலக்கும் படத்தைப் போட்டார்கள். ஒருவேளை நல்ல படம்தானோ, எனக்குத்தான் அன்றைக்கு விவரம் போதவில்லையோ என்ற ஆசையோடு உட்கார்ந்தேன். இல்லை. நினைத்திருந்ததைவிட மோசமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பேய் சுடுதண்ணி விளாவி வைத்துவிட்டு, குளித்து வருகிற புருஷன் தன்னைத் திரும்பிப் பார்ப்பானா என்று கதவோரம் நிற்கிற இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை.

என் பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னாங்க, திண்டிவனம் போறீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றேன். "நாலாவதுதான்."

மூக்கைச் சிந்திக்கொண்டுதான் சொன்னேன், ஆனால் சொல்லிவிட்டேன். அன்றைக்கு அந்தக் கூடத்தில், மஞ்சுளாவின் அப்பா முகத்தைப் பார்த்து, இதையே இன்னொரு தடவை சொல்லியிருக்க வேண்டும்.