பெட்டியின் எடை

தை அமாவாசைக்குள் நல்ல நோயாளியாகிவிடுவது என்று பாண்டுரங்கன் தீர்மானம் செய்தார்.

வேறு வழியில்லை. ஐப்பசியில் குடிவந்தபோது தெருவே கேட்கும்படி அவர் சொன்ன வார்த்தை அப்படி. "முதியோர் குடியிருப்புல கொண்டுபோய்த் தள்ளுறா என்னை. மூணு மாசத்துல பாதியாயிடுவேன், பாருங்க!" மனைவி ரத்தினம்மாள் சண்டைக்கு நிற்கவில்லை. "தை அமாவாசை வரைக்கும் இருந்து பாருங்க. உடம்பு தேறலன்னா நானே பெட்டியைத் தூக்கிக்கினு வந்துடுறேன்" என்றாள்.

தூரம் ஒன்றும் பெரிதில்லை. செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த சொந்த வீட்டிலிருந்து சிங்கவரம் சாலையில் இருக்கும் குடியிருப்புக்கு மூன்றே கிலோமீட்டர். ஜன்னலில் தெரிவதும் அதே ராஜகிரி மலைதான், கொஞ்சம் திரும்பி உட்கார்ந்த மாதிரி. ஆனாலும் அந்தமானுக்குக் கப்பலேறுகிறவர் போலத்தான் அவர் விடைபெற்றார்.

வந்த அன்று நிஜமாகவே நோயாளிதான். சர்க்கரை முந்நூறு. இரண்டு முட்டியும் பேசாத நாளில்லை. பாத்ரூமில் இரண்டு முறை விழுந்து எழுந்தவர். மார்க்கெட் கமிட்டியில் முப்பது வருஷம் எடை போட்டு, மல்லாட்டைக் கடலை மூட்டையின் காதைப் பிடித்து ஒரு தூக்குத் தூக்கினாலே அரைக்கிலோ பிசகாமல் எடை சொன்ன மனுஷனுக்குத் தன் உடம்பைத் தூக்க முடியவில்லை.

சங்கடம் எங்கே வந்தது என்றால், இங்கே உடம்பு அவர் பேச்சைக் கேட்கவில்லை. தேறத் தொடங்கிவிட்டது.

நேரத்துக்குச் சாப்பாடு. காலையில் கைகால் நீட்டி மடக்கும் பயிற்சி. சாயங்காலம் பக்கத்து அறை தங்கராசுவோடு கேரம். கார்த்திகை பிறந்தபோது கைத்தடி தேவைப்படவில்லை. யாருக்கும் தெரியாமல் ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூ வாங்கினார். ரத்தினம்மாள் பூப்பறிக்கப் போகும் நேரம் பார்த்துப் பின்வாசல் வழியாகச் சிங்கவரம் மலையடிவரை விறுவிறுவென்று நடந்தார். திரும்பி வந்து, ஷூவைக் காகிதத்தில் சுற்றிப் பூந்தொட்டிக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, தடியை எடுத்துக்கொண்டு "அம்மாடி" என்று உட்காருவார். பழைய தெருப்பக்கம் மட்டும் எட்டியும் பார்க்கவில்லை. தேறின உடம்பை வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு போவது?

"சர்க்கரை நூத்தி முப்பதுன்னு எழுதியிருக்குதே?" என்பாள் ரத்தினம்மாள்.

"மெஷின் கோளாறு."

"பாவம். இந்த ஊருல மெஷினுக்குக்கூட உடம்பு சரியில்ல."

ஒருநாள் சாப்பாட்டுக் கூடத்தில் தங்கராசு சொன்ன எதற்கோ வாய்விட்டுச் சிரித்துவிட்டார். சிரிப்பின் நடுவே வாசலில் மனைவி. பாதிச் சிரிப்பை அப்படியே இருமலாக மாற்றினார். இருமல் நிஜமாகிப் புரையேறி, அவள் வந்து தலையைத் தட்ட வேண்டியதாயிற்று.

அன்றைக்குத்தான் அவள் தட்டைக் கவனித்தார். தோசையின் முறுகலான ஓரங்களைத் தனியாகப் பிய்த்து வைத்துக்கொண்டு, கடைசியில் ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தாள். நாற்பத்தாறு வருஷக் குடித்தனம். அவளுக்கு முறுகல் பிடிக்கும் என்பது அவருக்குத் தெரியாது. வீட்டில் முறுகலெல்லாம் அவர் தட்டுக்குத்தான் வரும். அவள் விரல்களில் வருஷக்கணக்காக இருந்த வெடிப்புகள் மூடியிருந்தன. இந்தக் கைகளை மறுபடி அடுப்படிக்கு இழுத்துப் போகத்தானே தடியை ஊன்றிக்கொண்டு நிற்கிறோம் என்று நினைத்தபோது பாண்டுரங்கன் பாதித் தோசையோடு தட்டைத் தள்ளி வைத்தார். உண்மையைச் சொல்லிவிடலாம். ஆனால் 'நான் நல்லா இருக்கறேன்' என்ற மூன்று சொல், எந்த மூட்டையையும்விடக் கனத்தது.

தை அமாவாசையும் வந்தது.

மதியம் குடியிருப்பு வாசலில் ஒரு வேன். மேல்மலையனூர் போகும் வழியில் பனமலைத் தங்கை குஞ்சம்மாள், கூட்டமாக உறவுக்காரர்களை ஏற்றிக்கொண்டு வந்திறங்கினாள். தடியோடு லிஃப்டில் இறங்கி வந்த அண்ணனைப் பார்த்ததும் ஒரே ஓலம்.

"அய்யய்யோ, இன்னாண்ணா இப்படித் துரும்பா இளைச்சிட்டே! தொப்பை எங்க போச்சி?"

தொப்பை சிங்கவரம் சாலையில் போயிருந்தது. அதைச் சொல்ல முடியுமா? "விதி, குஞ்சம்மா" என்றார். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ரத்தினம்மாள் வந்தாள். கூடவே, பக்கத்தில் உருண்டுகொண்டு பெரிய பெட்டியும்.

"கெடு முடிஞ்சிடுச்சி குஞ்சம்மா. உங்க அண்ணனுக்கு ஒண்ணும் தேறல. திரும்பி வர்றப்ப எங்களையும் ஏத்திக்கினு போய் வீட்டுல வுட்டுடு. பெட்டியை இப்பவே வேன்ல போட்டுடலாம்."

"நீயும் வர்றியா ரத்தினம்?" என்று ஈனக்குரலில் கேட்டார் பாண்டுரங்கன்.

"நான் வராம? உங்களுக்குக் கஞ்சி யாரு காய்ச்சறது?"

அவர் அவள் விரல்களைப் பார்த்தார். டிரைவர் பெட்டியைத் தூக்கக் குனிந்தான்.

பிறகு நடந்ததற்கு அவர் பொறுப்பில்லை, கால்கள்தான். தடி ஒரு பக்கம் விழுந்தது. ஒரே எட்டில் பெட்டியைப் பறித்து, தோளில் ஏற்றி, லிஃப்டையும் மறந்து, மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினார். கீழே உறவுக்காரர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். தங்கராசு கைதட்டினார்.

பாதிப் படியில் அந்தப் பழைய எடைக்காரக் கை விழித்துக்கொண்டது. நின்றார். ஒருமுறை தூக்கிப் பார்த்தார். பெட்டியைக் கழித்தால் உள்ளே முக்கால் கிலோ. மிஞ்சினால் எண்ணூறு கிராம்.

இரண்டு பேர் குடித்தனம் எண்ணூறு கிராம் இருக்காது.

படியிலேயே உட்கார்ந்து திறந்தார். உள்ளே அவருடைய கேன்வாஸ் ஷூ. துவைத்துக் காய்ந்து வெள்ளையாக இருந்தது. புது லேஸ் கோத்திருந்தது.

காதுமடல்வரை சூடேறியது. பேரப்பிள்ளை எடுத்த வயதில் சட்டைப்பையில் மிட்டாயோடு பிடிபட்ட மாதிரி. நிமிர்ந்து பார்க்கப் பயந்து லேஸையே பார்த்துக்கொண்டிருந்தார். லிஃப்டில் மேலே போய், படியிறங்கி வந்து, ரத்தினம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"செருப்புப் போட்டு நடக்கறவரு காலுல, சாக்ஸ் அச்சு வுழுந்த அன்னையிலேர்ந்து."

பாண்டுரங்கன் ஷூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கடைசியில் அவர்தான், மிச்சமிருந்த மானத்தைக் கூட்டிப் பெருக்கி எடுத்துக்கொண்டு சொன்னார்: "சரி. உனக்காகத்தான் இங்க இருக்கறேன்னு குஞ்சம்மாகிட்ட சொல்லிடு. பாவம், அழுவுறா. நம்ம வீடு பூட்டிக் கிடக்குதேன்னு அவளுக்கும் வருத்தமா இருக்கும்."

ரத்தினம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எங்க பூட்டிக் கிடக்குது? கார்த்திகையிலேர்ந்து அதுல குடியிருக்கறதே அவதாங்க."